ஒன்றரை அடி

எங்கள் தெருவில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. குருசுக்குப்பத்தில் வேறு எங்கே பெய்தாலும் தண்ணீர் எங்கள் தெருவுக்குத்தான் வந்து சேரும். தேர்தலுக்குத் தேர்தல் ரோடு போடுகிறேன் என்று வருகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே ஜல்லியைக் கொட்டி உருட்டிவிட்டுப் போவார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது மூன்று படி ஏறி எங்கள் வீட்டுக்குள் போனேன். இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். அதனால் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாம் மேட்டு மண்ணை லாரியில் அடித்துத் தரையை உயர்த்த ஆரம்பித்தார்கள். "என்னாங்க, நீங்க எப்ப ஏத்தப் போறீங்க?" என்பதுதான் தெருவில் குசலம் விசாரிக்கிற முறை என்று ஆகிப்போனது.

சுனாமி வந்த மறுவருஷத்து ஐப்பசி மழையில் எதிர்வீட்டு மதாம் கட்டிலோடு மிதக்காத குறை. மதாம் என்று தெருவே கூப்பிடுவது அந்துவானெத் அம்மாளை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷனோடு திரும்பி வந்து அந்த வீட்டை வாங்கி, ஆசைதீரக் குடியிருப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் லெத்திசியா, மகன் கிறிஸ்தோஃப் இரண்டு பேருக்கும் பிரான்சில் வேலை. மதாமுக்குச் சர்க்கரை வியாதி. அது மெல்ல மெல்ல இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. ஏழெட்டு வருஷமாக இருட்டுதான்.

ஆனால் அந்த வீட்டுக்குள் அவரைப் பார்த்தால் கண் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கை சுவரை ஒட்டிப் போகும், அவ்வளவுதான். ஃபேன் போடுவார், ஜன்னல் கொக்கி மாட்டுவார், அலமாரியில் இருந்து மிளகாய்த்தூள் டப்பாவையும் மஞ்சள்தூள் டப்பாவையும் மாற்றி எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. நெத்திலி வாங்கிக் கொடுத்தால் என்னைவிடச் சீக்கிரம் ஆய்ந்து வைத்துவிட்டு, "ஏன் ஹேமா, கண்ணு இருக்கிறவளுக்கு இன்னும் ஆவலியா?" என்று சிரிப்பார். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வார். மற்றபடி அந்த வீட்டில் அவர் ராணி.

மழை விஷயம் தொலைபேசியில் போய், கிறிஸ்தோஃப் ரெண்டு மாத லீவு போட்டுக்கொண்டு நொயேலுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன்னாலேயே வந்து இறங்கினான். ஆறடி ஆள். நல்ல பிள்ளை, அதில் சந்தேகமில்லை. வந்த அன்றைக்கே சுவரில் தண்ணீர் நின்ற கறையைத் தடவித் தடவிப் பார்த்து அழுதுவிட்டான். மறுநாளே பாகூர்ப் பக்கத்திலிருந்து கலியமூர்த்தி மேஸ்திரியைக் கூட்டிவந்தாயிற்று. மேஸ்திரிக்கு ஊரில் நிலம் உண்டு. நட்டுவிட்டு வந்தால் அறுப்பு வரை டவுனில் கட்டட வேலை செய்வார்.

"மூன்றடி ஏத்தினாத்தான் சார் காலத்துக்கும் நிக்கும்" என்றார் மேஸ்திரி.

"மூன்றடி ஏத்தினா கதவு எங்க இருக்கும்? பூனைதான் போவும்" என்றான் கிறிஸ்தோஃப். அவன் தமிழ் தெருத் தமிழ்தான், நடுவில் பிரெஞ்சு வரும்.

"அப்ப ஒன்றரை அடி. பழங்காலத்து வூடு, கூரை ஒசரம். தாங்கும்."

"செவுத்துல கை வெக்கக் கூடாது மேஸ்திரி. ஒரு ரூமையும் இடிக்கக் கூடாது, எதையும் நவுத்தக் கூடாது. எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கணும். எங்க மமானுக்குக் கண்ணு தெரியாது."

மதாமின் பிள்ளைகள் அவரை மமான் என்றுதான் கூப்பிடுவார்கள். மகன் இப்படிச் சொன்னதைக் கேட்டு அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா ஹேமா, எனக்காக ஒன்னு வுடாம யோசிக்கிறான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாருக்குத்தான் வேறு மாதிரி தோன்றியிருக்கும்?

வேலை நடந்த நாளெல்லாம் மதாம் எங்கள் வீட்டில் இருந்தார். மார்கழிப் பனியில் செம்மண் லாரி வந்து கொட்டும். சித்தாள் சின்னப்பொண்ணும் இன்னும் ரெண்டு பெண்களும் பாண்டுச் சட்டியில் வாரி வாரி உள்ளே கொண்டுபோவார்கள். மண் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமுசுக் கட்டையால் குத்துவார்கள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுத் தரையிலும் அதிரும். மதாம் எங்கள் ஹாலில் நாற்காலியைவிட்டு எழாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். "இது சாப்பாட்டு ரூம்ல குத்துறாங்க" என்பார். சரியாகத்தான் இருக்கும். மத்தியானம் சின்னப்பொண்ணு கருவாட்டுக் குழம்பு தூக்கைத் திறந்தால், "எனக்கு ஒரு வாய் வெச்சிருக்கியாடி?" என்று இங்கிருந்தே குரல் போகும். சர்க்கரைக்காரிக்குக் கருவாடு ஆகாது என்று நான் கத்தினால் யார் கேட்கிறார்கள்.

கதவுகளைக் கழற்றி அடியில் ஒன்றரை அடி அறுத்ததில் தாழ்ப்பாளும் அவ்வளவு கீழே இறங்கியது. தரையில் டைல்ஸ் ஒட்டினார்கள். அடுப்பு மேடை மண்ணுக்குள் பாதி போய்விட்டதால் அதை மட்டும் உடைத்துப் புதுத் தரைக்குத் தக்கபடி கட்டினார்கள். குழாயையும் அதே போல ஏற்றினார்கள். ஸ்விட்ச் போர்டுகள் தொடை உயரத்தில் நின்றன. அதை ஏற்ற வேண்டிய எலக்ட்ரிஷியன் வடிவேல் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போய்விட்டார். பொங்கல் கழிந்துதான் வருவார். "அதுவரைக்கும் குனிஞ்சி போட்டுக்குங்க, இடுப்புக்கு நல்லது" என்று மேஸ்திரி சிரித்தார். வாசக்கால் தாழ்ந்து போனதில் அந்த வீட்டுக்குள் போய் நெற்றி வீங்காமல் திரும்பிய ஆண்பிள்ளை தெருவில் இல்லை. கிறிஸ்தோஃப் தினமும் இடித்துக்கொண்டான். மதாம் குள்ளம். அவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த அன்று மதாமை நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். உள்ளே போனதும் கையை உருவிக்கொண்டார். வழக்கம் போல வலது கையைச் சுவரில் வைத்தார். நாலு எட்டு நடந்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

"ஹேமா, நான் எது மேல நிக்கிறேன்?"

"தரை மேலதான் மதாம்."

"இல்ல. என்னமோ பலகை மேல நிக்கிறேன். எறக்கி வுடு."

"டைல்ஸ் புதுசு இல்ல, அதான் வழவழன்னு அப்பிடி இருக்கு" என்று சொல்லி வைத்தேன். கிறிஸ்தோஃப் ஓடிவந்து, "ஒன்றரை அடி ஏத்தியிருக்கோம் மமான், சொன்னேனே" என்றான்.

"தெரியும்டா. ஏத்துனது தெரியாதா எனக்கு? ஆனா எறக்கி வுடு" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சுவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அன்று தொடங்கியது குழப்பம். ஸ்விட்ச் கீழே இருக்கிறது என்று சொன்னால் புரிந்துகொள்வார். குனிந்து போடுவார். போட்டு நிமிர்ந்ததும் காலை முன்னால் நீட்டித் துழாவுவார். கிணற்று மேடையின் விளிம்பைத் தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு அடியாக வைப்பார். ஜன்னல் கொக்கி இடுப்புக்கு வந்தால், "நான் ஸ்டூல் மேல ஏறிட்டனா?" என்பார். சமையலறைக்குப் போனால் மேடை பழைய உயரத்தில் கைக்கு வரும். அப்பாடா என்று மூச்சு விடுவார். உடனே அலமாரிக்குக் கை நீட்டுவார், அது நெஞ்சுக்குக் கீழே இருக்கும். மறுபடியும் கலவரம். மிளகாய்த்தூள் என்று மஞ்சள்தூளைப் போட்ட குழம்பை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"கண்ணு போனப்பகூட இப்பிடி இல்ல ஹேமா" என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வூடு எனக்குத் தெரியும். புத்தி சொல்லுது, நீ தரையிலதான் நிக்கிறன்னு. கை நம்ப மாட்டேங்குது. எது சரி? கையா, புத்தியா?"

எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருந்தார். அங்கே போனால்தான் இப்படி. அதைத்தான் கிறிஸ்தோஃபும் பிடித்துக்கொண்டான்.

"சொந்த வூட்டையே அடையாளம் தெரியலன்னா என்னா அர்த்தம் ஹேமாக்கா? அங்க பிரான்ஸ்ல வயசானவங்களுக்கு இப்பிடித்தான் ஆரம்பிக்கும். முதல்ல வூடு மறக்கும். அப்புறம் புள்ளைய மறப்பாங்க."

"அட போப்பா. உன் பேரச் சொல்லி நாளுக்கு நூறு வாட்டி கூப்புடுறாங்க."

அவன் கேட்கவில்லை. லெத்திசியாவோடு பிரெஞ்சில் ரொம்ப நேரம் போனில் பேசினான். அழுதுகொண்டேதான் பேசினான்.

பொங்கலுக்கு மறுநாள் மதாம் விழுந்துவிட்டார். ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டுத் திரும்பியவர், இல்லாத படியில் இறங்கக் காலை வைத்திருக்கிறார். சமதரையில் படி இறங்கினால் என்ன ஆகும்? மணிக்கட்டு பிசகிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, சர்க்கரை அதிகமானால் மூளைக்கும் பாதிப்பு வரலாம், தனியாக விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். கிறிஸ்தோஃபுக்கு அது போதும். முதலியார்பேட்டைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் போய் அறை பார்த்துவிட்டு வந்தான். சுத்தமாக இருக்கிறதாம். தினமும் பூசை உண்டாம். நல்ல மீன் போடுவார்களாம்.

நான் சண்டைக்குப் போனேன். "இந்த வூட்டுல வந்து எத்தினி வாட்டி மண்டைய இடிச்சிக்கிட்ட நீ? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு யாராவது சொன்னமா?"

"அதுவும் இதுவும் ஒன்னா அக்கா? நான் ஞாயித்துக்கிழம ஏறணும். தனியா வுட்டுட்டுப் போயி அங்க நான் தூங்க முடியுமா?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. என் வாயை அடைத்தது அவனல்ல, மதாம்தான்.

"வுடு ஹேமா. நான் ஒத்துக்கிட்டேன்" என்றார். "எனக்கே என் மேல நம்பிக்கை பூடுச்சு. நாளைக்கு அடுப்ப பத்த வெச்சிட்டு மறந்தா தெருவே எரியும்."

இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அந்தம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து குழம்புக்குச் சங்கரா மீன் நறுக்கினேன். அழுகை அழுகையாக வந்தது.

அந்தக் குழம்பை எடுத்துக்கொண்டு சாயங்காலம் போனேன். கிறிஸ்தோஃப் டிக்கெட் விஷயமாக வெளியே போயிருந்தான். ஹாலில் சுவர் மாடத்தில் வேளாங்கண்ணி மாதா சுரூபம் உண்டு. மதாமுக்கு மூட்டுவலி, எப்போதும் நின்றுகொண்டுதான் மாதாவின் காலைத் தொட்டுச் செபம் சொல்வார். அன்று முட்டி போட்டிருந்தார். வீட்டைவிட்டுப் போகப் போகிறோம், ஒரு தடவையாவது முறைப்படி மண்டியிட்டுச் சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தாராம்.

நான் வாசலிலேயே நின்றேன். கட்டுப் போடாத கையை அவர் உயர்த்தினார். தேடவில்லை, துழாவவில்லை. கை நேராகப் போய் மாதாவின் காலில் பட்டது.

பிறகு கையை அங்கிருந்து வலப்பக்கம் சுவரில் இழுத்தார். ஸ்விட்ச் போர்டு வந்தது. ஃபேன் சுற்றியது. நிறுத்தினார். மறுபடி போட்டார். முட்டியாலேயே நகர்ந்தார். ஜன்னல் கொக்கியை ஒரே தொடலில் மாட்டினார். சாப்பாட்டு அறை வாசக்கால், அதன் பக்கத்தில் காலண்டர் ஆணி, அலமாரி. எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்லித் தொட்டுக்கொண்டு போனார். டைல்ஸ் தரையில் புடவை இழுபட, அறுபது தாண்டிய அம்மாள் குழந்தை மாதிரி முட்டியால் வீடு முழுக்கப் போகிறார். எனக்குப் பயமாகிவிட்டது. சத்தியமாகப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"மதாம்!"

"யாரு, ஹேமாவா? இங்க வா, இங்க வா. இதான்டி என் வூடு. இதோ இருக்குது பாரு!" சிரிப்பும் அழுகையுமாக அவருக்கு மூச்சு வாங்கியது. "என் வூடு எங்கயும் போவல. கீழ இருக்குது. நான்தான் மேல நிக்கிறேன். எனக்கு ஒன்னும் ஆவல ஹேமா, எனக்கு ஒன்னுமே ஆவல!"

அந்த நேரம் பார்த்துக் கிறிஸ்தோஃப் உள்ளே வந்தான். அம்மா முட்டியால் நகர்வதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மமான்! ஏன் மமான் இப்பிடி? எழுந்திரு" என்று தூக்கப் போனான்.

அவர் அவன் கையைத் தட்டிவிட்டார். "நீ முட்டி போடு."

"மமான்..."

"போடுறா. கண்ண மூடு. இந்த வூட்டுலதான லீவுக்கு லீவு வந்து கெடப்ப? இப்ப ஃபேன் போடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய, போடு என்று தலையாட்டினேன். ஆறடி ஆள் முட்டி போட்டு, கண்ணை மூடிக் கையை நீட்டினான். விரல் நேராக ஸ்விட்சில் போய் நின்றது. கண்ணைத் திறக்காமலே எழுந்து நிற்கச் சொன்னார். நின்று மறுபடி நீட்டச் சொன்னார். வெறும் சுவரைத் தடவினான். அடுத்த காலை எடுத்து வைக்க முடியாமல் அப்படியே நின்றான்.

"எது மேல நிக்கிற?" என்று கேட்டார் மதாம்.

அவன் மறுபடியும் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். "நான் ஒரு செவுத்தையும் தொடலியே மமான்" என்றான்.

"தொடல ராசா. அதான்."

மீன் குழம்பு ஆறிப்போனதை அப்புறம்தான் பார்த்தேன். சூடு பண்ணி மூன்று பேரும் சாப்பிட்டோம். மதாம் தானே முள் எடுத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையிலேயே கிறிஸ்தோஃப் மேஸ்திரியைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒன்றரை அடி மேலே ஏற்ற வேண்டும், ஆள் எத்தனை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் என்று குதித்தான். சபரிமலையிலிருந்து வந்துவிட்ட வடிவேலும் உளியும் சுத்தியலுமாக, கையில் அரவணைப் பாயச டப்பாவோடு வந்து நின்றார். மதாம் வாசலுக்கு வந்தார்.

"ஸ்விட்ச ஏத்துவ. ஜன்னல ஏத்துவியா வடிவேலு?"

"அது எப்பிடிம்மா முடியும், செவுர இடிக்கணுமே."

"மாதா மாடத்த?"

"அது மேஸ்திரிதான் சொல்லணும்."

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தார். "மாடத்துக்கு மேல உத்தரம் ஓடுதும்மா. தொட்டா வம்பு."

"அப்ப பாதிய தூக்கி பாதிய வுட்டா, நான் எத நம்புறது? அடுப்பங்கரையில மேடைய ஏத்தி அலமாரிய வுட்டீங்களே, அதுலதான் எனக்கு மண்ட கொழம்பிச்சி. ஒன்னையும் தொடாதீங்க. இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும். நான் கத்துக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயா மமான்?" என்றான் கிறிஸ்தோஃப்.

"ஞாயித்துக்கிழம உனக்குத்தான் ஃப்ளைட்டு. எனக்கு இல்ல" என்றார் மதாம். அரவணை டப்பாவை மட்டும் வடிவேலிடமிருந்து வாங்கிக்கொண்டார். சர்க்கரை என்று நான் சொல்வதற்குள் விரலை விட்டு ஒரு வாய் நக்கியும் ஆயிற்று.

மிச்சமிருந்த நாளெல்லாம் அவர் செய்த வேலை அதுதான். சுவர் ஓரமாக முட்டி போடுவார். பொருளைத் தொடுவார். தொட்ட கையை எடுக்காமல் மெல்ல எழுந்து நிற்பார். கை எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்று உடம்புக்குச் சொல்வார். காலை அழுத்தித் தரையை ஒரு மிதி மிதிப்பார். அப்புறம் அடுத்த பொருள். மூட்டு வீங்கி நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். நடுவில் சில சமயம் கை குழம்பிப்போய், "எறக்கி வுடுங்க" என்று வந்துவிடும். உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார். கிறிஸ்தோஃப் பார்த்துக்கொண்டே இருப்பான். உதவிக்குப் போனால் திட்டு விழும். இல்லத்துக்கு அவன் போன் போட்டு வேண்டாமென்று சொன்னானா, தள்ளி வைத்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, மத்தியான வெயிலில் சென்னைக்குப் போகிற கார் வந்து நின்றது. தெருவில் பாதிப் பேர் வழியனுப்ப நின்றோம். கலியமூர்த்தியும் ஊரிலிருந்து ரெண்டு பூசணிக்காயோடு வந்திருந்தார். பிரான்சுக்கு எப்படிப் பூசணிக்காய் கொண்டுபோவது என்று அவர் யோசிக்கவில்லை. கிறிஸ்தோஃப் அம்மாவைக் கட்டிப்பிடித்து ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

"போயிட்டு வரேன் மமான்."

"போயிட்டு வா ராசா. வெயில்ல நிக்காத, ஏறு."

அவர் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். டிரைவர் சாவியைப் போடப் போனான். "கொஞ்சம் இருங்க" என்றான் கிறிஸ்தோஃப். காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே மதாமின் கை கதவைத் தடவுகிற சத்தம் கேட்டது. மேலே தடவியது. நின்றது. மறுபடி மேலேயே தடவியது. கலியமூர்த்தி, "கீழம்மா" என்று வாயெடுத்தார். கிறிஸ்தோஃப் அவர் தோளை அழுத்திப் பிடித்தான். உள்ளே காலை ஒருமுறை அழுத்தி மிதிக்கிற சத்தம். அப்புறம் தாழ்ப்பாள் விழுந்தது.

"போலாம்" என்றான் கிறிஸ்தோஃப்.